கோட்டையிலிருந்து பதுளை வரை: பதிவு செய்த ஜி.பி.எஸ். தடத்தில் ஆட்டோபைலட்டைப் பறக்க விடுதல்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் போகும்போது கைப்பேசியில் பதிவாகும் ஜி.பி.எஸ். தடத்தைக் கொண்டு, பிளைட் சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில், ஒரு செஸ்னா 172 விமானத்தை ஆட்டோபைலட் என்ற தானியங்கிக் கருவியால் அதே பாதையில் தானாகவே பறக்கச் செய்யலாம். ஆனால், கோப்பை அப்படியே சிமுலேட்டருக்குள் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பதிவான தடம் நடந்து முடிந்த பயணத்தின் சுவடு. பறப்புத் திட்டமோ ஆட்டோபைலட் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதிலேயே உழைப்பின் பெரும்பங்கு செலவாகும்; விமானி அறையில் அழுத்த வேண்டிய பொத்தான்கள் மிகச் சில.

தடம் பெரும்பாலும் ஜி.பி.எக்ஸ். அல்லது கே.எம்.எல். வடிவில் கிடைக்கும். இரண்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள் என்பதால் நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். ஜி.பி.எக்ஸ். கோப்பில் அகலாங்கும் நெட்டாங்கும் தனித்தனியே பெயரிடப்பட்டிருக்கும், கே.எம்.எல். கோப்பிலோ பெயர் எதுவுமின்றி நெட்டாங்கு முதலிலும் அகலாங்கு அடுத்ததாகவும் வரும். கையால் பிரதி செய்யும்போது இவ்வரிசை மாறிவிட்டால், இரத்மலானையில் இருக்க வேண்டிய புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் போய் விழும். இலங்கைக்குள் அகலாங்கு ஏறத்தாழ 6 முதல் 10 பாகைக்குள்ளும் நெட்டாங்கு 79 முதல் 82 பாகைக்குள்ளும் அடங்கும் என்பதை நினைவில் வைத்திருந்தால் ஒரு பார்வையிலேயே பிழை தெரிந்துவிடும்.

அடுத்தது புள்ளிகளைக் குறைப்பது. நொடிக்கு ஒரு புள்ளி என்று பதியும் செயலி, ஒன்பது மணிநேரப் பயணத்தில் 32,400 புள்ளிகளைச் சேர்த்துவிடும். நிஜ விமானங்களில் பொருத்தப்படும் கார்மின் ஜி.என்.எஸ். 430 என்ற ஜி.பி.எஸ். கருவி ஒரு திட்டத்தில் 31 புள்ளிகளையே ஏற்கும். அதே நிறுவனத்தின் ஜி1000 என்ற திரைக்கருவி ஏற்பது 99. சிமுலேட்டரில் இந்த வரம்பு சற்றுத் தளர்ந்திருந்தாலும், முப்பதுக்குள் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருளில், வேண்டிய எண்ணிக்கையைச் சொன்னால் பாதையின் வடிவத்துக்கு முக்கியமில்லாத புள்ளிகளை நீக்கித் தரும் வடிகட்டி உண்டு. ஆனால் அது கோட்டின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது. விமானத்தால் அங்கே திரும்ப முடியுமா என்பதைப் பார்ப்பதில்லை.

100 நொட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில், நொடிக்கு 3 பாகை என்ற வழமையான வீதத்தில் திரும்பும் விமானத்தின் வட்டத்துக்கு ஆரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 90 பாகைத் திருப்பம் ஒன்றுக்கு, புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே ஆட்டோபைலட் சாயத் தொடங்க வேண்டும். ஆகவே இத்தகைய இரு திருப்பங்கள் இரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் வந்தால் விமானம் பாதைக் கோட்டைத் தாண்டிப் போய், மறுபடி பிடிக்க முயன்று, பாம்புபோல நெளியும். நான்கு கிலோமீட்டர் இடைவெளி விட்டால் இந்தத் தொல்லை இராது. றாகமையிலிருந்து பொல்கஹவெல வரையான சமவெளியில் நாலைந்து புள்ளிகள் தாராளமாகப் போதும். ரம்புக்கனைக்குப் பிறகு பாதை மலையேறத் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொரு வளைவையும் பிடிக்க ஆசைப்படாமல் கடுகண்ணாவை, பேராதனை, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று நிலையங்களையே புள்ளிகளாகக் கொண்டு, நடுவே தேவைப்படும் இடங்களில் மட்டும் ஒன்றிரண்டைச் சேர்ப்பது சிறந்தது. தெமோதரையில் தண்டவாளம் வளைந்து சுற்றி நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்த வளையத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

உயரத்தைப் பொறுத்தவரை, தடத்தில் பதிவானதை முற்றாக நீக்கிவிடுங்கள். அது ரயிலின் உயரம் என்பது ஒரு காரணம். இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. ஆண்ட்ராய்டு தரும் அடிப்படை உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததன்று. புவியை ஒழுங்கான நீள்கோளமாகக் கற்பனை செய்து, அதன் பரப்பிலிருந்து அளந்தது. புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வால் கடல்மட்டம் அந்தக் கோளத்தைவிட மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் உள்ளது. அதனால், திருத்தம் செய்யாத செயலி ஒன்றைக் காலிமுகத்திடலில் நின்று பார்த்தால், நீங்கள் கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். அதோடு ஜி.பி.எக்ஸ். மீட்டரில் சொல்வதைச் சிமுலேட்டர் அடியில் எதிர்பார்க்கிறது.

புதிய உயரத்தை நிலத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மலைப்பகுதியில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி விடுவது கருவிப் பறப்பின் (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறப்பதன்) வழமை. நானுஓயாவுக்கு அருகிலுள்ள பிதுருதலாகல 8,281 அடி; எனவே 10,500 அடி பொருத்தமானது. செஸ்னா அங்கே மெதுவாகத்தான் ஏறும் என்பதால் ஏற்றத்தைப் பொல்கஹவெலக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். தேயிலைத் தோட்டங்களைக் கிட்டப் பார்க்க விரும்பினால் அந்தப் பகுதியைக் கையால் ஓட்டுங்கள். பள்ளத்தாக்குக்குள் ஆட்டோபைலட்டை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கோட்டைப் பார்க்குமே தவிர மலையைப் பார்க்காது.

இவை அனைத்தையும் செய்ய வசதியான கருவி லிட்டில் நேவ்மேப். இலவசமான இம்மென்பொருள் ஜி.பி.எக்ஸ். தடத்தை வரைபடத்தில் கோடாகக் காட்டும். அதன் மேல் வலச்சொடுக்கிட்டு, அந்த இடத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம். கீழே நிலத்தின் உயரக் குறுக்குவெட்டும் தெரிவதால் திட்டம் மலையில் முட்டுகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். புறப்படும் இடமாக இரத்மலானையை, அதாவது வி.சி.சி.சி. என்ற விமான நிலையக் குறியீட்டை, கொடுங்கள். முடிந்ததும் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020க்குப் பி.எல்.என். கோப்பாகவும், எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்கு எஃப்.எம்.எஸ். கோப்பாகவும் ஏற்றுமதி செய்யலாம். முன்னதை உலக வரைபடத் திரையில் பறப்புக்கு முன் ஏற்ற வேண்டும். பின்னதை அவுட்புட் கோப்புறைக்குள் உள்ள எஃப்.எம்.எஸ். பிளான்ஸ் கோப்புறையில் வைத்து, விமானி அறையிலுள்ள ஜி.பி.எஸ். கருவியில் திறக்க வேண்டும்.

புறப்பட்டதும் முதலில் ஆட்டோபைலட்டின் ஹெடிங் நிலையில், அதாவது நீங்கள் கொடுக்கும் திசையில் பறந்து, திட்டத்தின் பாதைக் கோட்டை 30 முதல் 45 பாகைக் கோணத்தில் அணுகுங்கள். ஜி1000இல் சி.டி.ஐ. பொத்தானை அழுத்தி, பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் ஊசியை மஜெந்தா நிறத்துக்கு மாற்றுங்கள். பச்சையாக இருந்தால் அது ஜி.பி.எஸ். பாதையை விட்டுத் தரையிலுள்ள வழிகாட்டி வானொலி நிலையத்தைப் பின்பற்றுகிறது என்று பொருள். ‘தானாகப் போகவில்லை’ என்ற முறைப்பாடுகளில் பாதிக்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். பின்னர் நேவ் பொத்தானை அழுத்துங்கள். விமானம் எதிர்த்திசையில் திரும்பினால், திட்டத்தில் ஏற்கெனவே கடந்துவிட்ட துண்டு (இரு புள்ளிகளுக்கு இடையிலான பகுதி) இயங்கிக்கொண்டிருக்கும். அடுத்த துண்டைத் தெரிவு செய்து இயக்கினால் சரியாகிவிடும். நேவ் பக்கவாட்டுப் பாதையை மட்டுமே கவனிக்கும். உயரத்தை நீங்களே தனியாகக் கொடுக்க வேண்டும்.

பதுளையில் விமான நிலையம் இல்லாததால் திட்டத்தின் முடிவில் மத்தளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தெற்கே 42 கடல் மைல் அளவில் உள்ளது, ஓடுபாதை 3,500 மீட்டர். கடல் மைலுக்கு 300 அடி வீதம் இறங்குவதானால் 10,500 அடியிலிருந்து 35 கடல் மைல் தேவை. ஆகவே பதுளையைக் கடந்து ஏழு கடல் மைல் போனபின், 2,000 மீட்டரைத் தாண்டிய நமுனுகுல மலை பின்னால் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, 110 நொட் தரைவேகத்தில் நிமிடத்துக்கு 550 அடி என்று இறக்கத்தைத் தொடங்குங்கள்.