பொதுப் பூங்காவில் நூறு சதுர அடிப் பூம்பாத்தி

நம் ஊர்ப் பூங்காக்களில் பருவப் பூச்செடிகளுக்குக் குறைவில்லை. பொங்கலை ஒட்டி நர்சரியிலிருந்து செண்டுமல்லித் தொட்டிகள் வண்டியில் வந்திறங்குகின்றன. இரண்டு மாதம் நின்று வாடியதும் குப்பை வண்டியில் ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இதழ்கள் அடுக்கடுக்காகப் பெருகும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்கள் என்பதால், தேனும் மகரந்தமும் எளிதில் எட்ட வேண்டிய நடுப்பகுதி மூடிக்கிடக்கிறது. பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பயன்பட வேண்டுமானால், முளைத்துப் பூத்து விதை முற்றி ஒரே பருவத்தில் முடிந்துவிடும் ஒற்றையடுக்குப் பூச்செடிகளை நேரடியாக மண்ணில் விதைப்பதே நல்லது. தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ள நகராட்சிப் பூங்காவிலோ மனைப்பிரிவின் பொது இடத்திலோ, சுமார் நூறு சதுர அடியில் இதைச் செய்யும் முறையைக் கீழே தருகிறேன்.

முதல் வேலை மண்ணில் அல்ல, காகிதத்தில். பேரூராட்சியானால் செயல் அலுவலருக்கும், நகராட்சியோ மாநகராட்சியோ ஆனால் ஆணையருக்கும் ஒரு கடிதம் எழுதி, பாத்தியின் இடத்தைக் காட்டும் கைவரைபடத்தையும், விதைக்கும் தேதியையும், எந்தத் தேதி வரை அங்கே புல் வெட்டக் கூடாது என்பதையும் அதில் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலைப் பூங்காவைப் பராமரிக்கும் ஊழியரிடம் நேரில் காட்டிப் பேசுவது கடிதத்தை விட முக்கியம். நான் முதன்முதலில் போட்ட பாத்தி, காய் பிடித்து இன்னும் இரண்டு வாரத்தில் முற்றவிருந்த நிலையில், ஒரு காலை நேரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தால் தரைமட்டமானது. வெட்டியவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் கண்ணுக்கு அது புதராகத்தான் தெரிந்தது, அது பாத்தி என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விதைகளுக்காக அலைய வேண்டியதில்லை. பாதி மளிகைக் கடையிலேயே இருக்கிறது. கறுப்பு எள், முழுக் கொத்தமல்லி விதை, ஒரு கைப்பிடி கம்பு ஆகியவற்றை அங்கேயே வாங்கலாம். எள்ளில் தோல் நீக்கியதை வாங்கினால் முளைக்காது. சணப்பு விதை பசுந்தாள் உரத்துக்கென்று, அதாவது வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவதற்கென்று, விதைக் கடைகளில் கிடைக்கும். தும்பையை யாரும் விற்பதில்லை. வேலியோரத்தில் காய்ந்து நிற்கும் செடிகளைக் காம்போடு பறித்து, தாளின் மேல் தலைகீழாகத் தட்டினால் விதை கொட்டும். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயமேறிய விதை மருந்து நேர்த்தி செய்யப்பட்டது. வீரிய ஒட்டு சூரியகாந்தி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அந்த நேர்த்தியில் பூச்சிக்கொல்லி சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் தேனீக்களுக்காகப் போடும் பாத்தியில் அதற்கு இடமில்லை.

இந்தச் செடிகளை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறு வேறு விருந்தாளியை அழைக்கிறது என்பதே. எள் பூ விடியற்காலையில் மலர்ந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். காலையில் குழல் போன்ற பூவுக்குள் தலையை விட்டு நுழையும் தேனீ, முதுகில் மகரந்தப் பொடியோடு பின்புறமாக வெளியே வருவதை அருகில் உட்கார்ந்தே பார்க்கலாம். கொத்தமல்லியின் குடை போன்ற பூங்கொத்தில் தேன் மேலாகவே இருப்பதால், நீண்ட நாக்கில்லாத சிறு பூச்சிகள் எல்லாம் அங்கே வரும். குறிப்பாக, தேனீயைப் போல மஞ்சள் வரியிட்டு, காற்றில் ஒரே இடத்தில் நிற்கும் ஈக்கள். அவற்றில் பல இனங்களின் புழுக்கள், செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்பவை. ஆகவே பக்கத்து மரங்களுக்கும் அதனால் பயன் உண்டு. சணப்பின் மஞ்சள் பூ அவரைப் பூவின் குடும்பம். கரிய பெரிய தச்சுத் தேனீ அதில் அமர்ந்து எடையால் கீழிதழை அழுத்தும்போது, நுனியிலிருந்து மகரந்தம் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டுகிறது. இப்படிப் பூச்சி வந்து தொடாமல் சணப்பு சரிவரக் காய்க்காது என்பதால், செடியில் காய் நிறைந்திருந்தால் விருந்தாளிகள் வந்து போனார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சணப்பின் உறவான கிலுகிலுப்பையை வேலியோரம் பத்துச் செடி வைப்பது தனிச் சிறப்பு. நீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அதன் காய்ந்த, கீறல் விழுந்த தண்டுகளிலும் காய்களிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதைக் காணலாம். அவை தேடுவது தேனை அல்ல. அச்செடியில் உள்ள ஆல்கலாய்டு என்னும் கசப்பான வேதிப்பொருளை. அதைக் கொண்டுதான் அவை இணையைக் கவரும் மணத்தை உருவாக்குகின்றன, தம்மைத் தின்ன வரும் பறவைகளுக்குக் கசந்தும் போகின்றன. அதே பொருள் ஆடுமாடுகளுக்கு நஞ்சு. ஆகவே மாடு நுழையும் பூங்காவானால் இதை விட்டுவிடுங்கள். குழந்தைகள் காயைக் குலுக்கி விளையாடலாம், வாயில் வைக்கக் கூடாது.

பட்டம் தவறினால் உழைப்பு வீண். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை. ஆடி மழை பெய்யும் மேற்கு மாவட்டங்களில் எள்ளை அப்போதே விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கடலோர ஊர்களில் புரட்டாசியின் முதல் மழைகளுக்குப் பின் சணப்பும் தும்பையும் கம்பும் போடுவது நல்லது. ஐப்பசி அடைமழைக்குள் செடி வேரூன்றியிருக்க வேண்டும், இல்லையேல் விதை வடிகாலுக்குப் போய்ச் சேரும். கொத்தமல்லிக்குக் கோடை வெயில் ஆகாது. அதைக் கார்த்திகை கடைசியில் விதையுங்கள். கடலோர ஊர்களில் எள்ளை, தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால், மாசியில் விதைக்கலாம்; தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் அதற்குக் கூடாது. இப்படிப் பிரித்து விதைத்தால் கார்த்திகை முதல் சித்திரை வரை ஏதாவதொன்று பூத்தபடியே இருக்கும்.

பாத்திக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். அருகம்புல்லையும் கோரையையும் கிழங்கோடு கொத்தி எடுத்து, மண்ணை நான்கு விரல் ஆழத்துக்குக் கிளறி, ஒருமுறை தண்ணீர் விட்டுப் பதினைந்து நாள் காத்திருங்கள். அதற்குள் முளைக்கும் களைகளை மேலாகச் சுரண்டிய பிறகு விதைத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம். உரம் போட வேண்டாம். வளமான மண்ணில் புல்தான் முந்தும். நூறு சதுர அடிக்குச் சணப்பு 10 கிராம், கொத்தமல்லி 8 கிராம், எள் 3 கிராம் போதும். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் 3 கிராமில் ஏறக்குறைய ஆயிரம் எள் இருக்கிறது. எள்ளையும் தும்பையையும் ஐந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் ஒரே இடத்தில் குவியாது. கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். ஆளுயரம் வளரும் சணப்பு பின்வரிசையிலும், தும்பை நடைபாதை ஓரத்திலும் இருக்கட்டும். மேலே மெல்லிய மண் தூவி, பூவாளியால் மட்டும் நீர் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். எறும்பு எள்ளைத் தூக்கிச் செல்லும் என்பதால் முதல் வாரம் காலையும் மாலையும் ஒரு பார்வை தேவை.

முளைத்த பின் செய்ய வேண்டியது சிறிதே. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். களைக்கொல்லி கூடாது. கொசு ஒழிப்புப் புகை அடிக்கும் குழுவிடம் இந்த மூலையைத் தவிர்க்கும்படி கேளுங்கள்; தவிர்க்க இயலாது என்றால், பூச்சிகள் அடங்கிய அந்திக்குப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பாத்தியைச் சுற்றிச் செங்கல்லைச் சாய்த்து வரிசையாகப் பதித்து, அதை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால், உள்ளே இருப்பது வேண்டுமென்றே வளர்த்தது என்பது நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கும் விளங்கும். “விதை முற்றும் வரை வெட்டாதீர்கள், வைகாசி 30 வரை” என்று தேதியோடு எழுதிய பலகை, பொதுவான அறிவுரைப் பலகையைவிட நன்றாக வேலை செய்கிறது.

பூ முடிந்ததும் பாத்தி அழகாக இராது. புகார் வருவதும் அப்போதுதான். ஆனால் கம்புக் கதிரில் சில்லைகளும் சிட்டுக்குருவிகளும் வந்து தொங்குவது அந்த வாரங்களில்தான். எள் காய் வெடித்து, தும்பை உதிர்ந்து, சணப்பு நெற்று காற்றில் சலசலக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு செடிகளைப் பிடுங்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள். அறுத்த தண்டுகளைக் கட்டாகக் கட்டி ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்தால் மிச்சமிருக்கும் விதையைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். மண்ணில் கூடு தோண்டும் தேனீக்களுக்காக பாத்தியின் ஒரு மூலையைக் கொத்தாமல், மூடாமல் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு விதையிலும் ஒரு கைப்பிடியை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் முடிந்து, மாதத்தை எழுதி வையுங்கள். வரும் புரட்டாசியில் காலியாகத் தெரியும் இடங்களில் மட்டும் தூவினால் போதும்.