ஏற்ற இறக்கம் மிகுந்த பங்கின்மேல் கவர்டு கால் எழுதுவோர் கவனத்திற்கு

கையிலுள்ள பங்கின்மேல் கால் ஆப்ஷனை, அதாவது ஸ்ட்ரைக் எனும் குறித்த விலைக்குக் காலாவதி நாளில் அந்தப் பங்கை வாங்கும் உரிமையை, விற்று (எழுதி) அதற்கான விலையாக மாதந்தோறும் பிரீமியம் பெறுவதே கவர்டு கால். இதை வாடகை வருமானம் என்றே பலர் கருதுகிறார்கள். ஆனால் ஒரு பங்கு எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்று சந்தை அஞ்சுகிறதோ, அதற்கேற்பவே பிரீமியம் அமைகிறது. எனவே பிரீமியம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அதன் காரணத்தைக் கண்டறியும்வரை விற்காமலிருப்பதே நல்லது.

1,000 ரூபாய் விலையுள்ள பங்கில் 500 பங்குகள் கொண்ட ஒரு லாட்டை (ஆப்ஷன் வணிகத்தின் குறைந்தபட்ச அலகு) வைத்துக்கொண்டு, 1,080 ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷனை 30 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். பங்கு எவ்வளவு உயர்ந்தாலும் லாபம் 55,000 ரூபாயைத் தாண்டாது. 750-க்கு இறங்கினாலோ, பெற்ற 15,000 ரூபாய் பிரீமியத்தைக் கழித்த பிறகும் 1,10,000 ரூபாய் நட்டம் நிற்கும். இது மிகைப்படுத்திய கணக்கு அல்ல. டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதை 2025 மார்ச் 10 அன்று வெளியிட்ட இண்டஸ்இண்ட் வங்கியின் பங்கு, ஏறத்தாழ 900 ரூபாயிலிருந்து மறுநாளே 656 ரூபாய்க்கு வீழ்ந்தது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பட்டியலில் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் வரம்பு (ஒரே நாளில் விலை நகரக்கூடிய உச்ச அளவு) இல்லாததால், இத்தகைய வீழ்ச்சி ஒரே நாளில் நிகழ முடியும்.

ஆகவே, ஒரே இரவில் 30 சதவீதம் இறங்கினால் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அந்தப் பங்கு இருக்க வேண்டும். ஒரு லாட்டின் மதிப்பே பல லட்சம் ரூபாய் என்பதால், மொத்த முதலீடு பத்துப் பதினைந்து லட்சமாக உள்ளவருக்கு இந்த உத்தி பொருந்தாது என்பதே என் கருத்து. வீழ்ச்சியைத் தடுக்க வேண்டுமானால், பிரீமியத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டுக் கீழ் ஸ்ட்ரைக்கில் புட் (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) வாங்கலாம். வருமானம் குறையும், ஆனால் நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டாகும்.

ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்கையில், அந்த விலைக்குப் பங்கை மனநிறைவோடு விற்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலாண்டு முடிவு வரவுள்ள மாதத்தில் பிரீமியம் கொழுத்திருப்பது இயல்பு. அறிவிப்பு வரும்வரை காத்திருப்பது, அல்லது பாதி லாட்டுகளுக்கு மட்டும் எழுதுவது நிதானமான வழி. விலை இறங்கிய பிறகு, இழந்ததை மீட்கும் ஆவலில் வாங்கிய விலைக்குக் கீழே உள்ள ஸ்ட்ரைக்கில் புதிதாக எழுதுவோர், பங்கு திடீரென மீளும்போது நட்டத்தை உறுதிசெய்துகொள்கிறார்கள். பதற்றத்தில் பங்கை மட்டும் விற்றுவிட்டு, எழுதிய கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்காமல் விட்டுவைப்பது அதைவிட ஆபத்தானது. அப்போது அது கவர்டு கால் அல்ல, கையில் பங்கே இல்லாமல் எல்லையற்ற நட்டத்துக்கு இடம்தரும் வெறும் கால் ஆப்ஷன். எனவே கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்கிய பின்னரே பங்கை விற்க வேண்டும்.

இந்தியச் சந்தையில் பலர் எதிர்பாராதது மார்ஜின் (ஆப்ஷன் விற்பவர் தரகரிடம் வைக்க வேண்டிய பிணைத்தொகை) சிக்கல். பங்கு டீமேட் கணக்கில் இருப்பதாலேயே கால் விற்பதற்கான மார்ஜின் தள்ளுபடி ஆகிவிடாது. பங்கை அடகு வைத்தால், ஹேர்கட் (பாதுகாப்புக்காகக் கழிக்கப்படும் பகுதி) போக எஞ்சும் மதிப்பே மார்ஜினாகக் கணக்கிடப்படும், அதிலும் ரொக்கமாகவோ அதற்கு இணையாகவோ ஒரு பகுதி கேட்கப்படும். பங்கு வேகமாக ஏறினால் காகிதத்தில் லாபம் தெரியும்போதே மார்ஜின் தேவை கூடும். இதற்கெனத் தனியே ரொக்கம் ஒதுக்காதவர், மிக மோசமான விலையில் காலைத் திரும்ப வாங்க நேரிடும்.

இந்த மாத ஆப்ஷனைத் திரும்ப வாங்கி அடுத்த மாதத்துக்கு எழுதி, அதாவது ரோல் செய்து தப்பலாம் என்ற நம்பிக்கையும் எப்போதும் கைகொடுக்காது. சந்தையளவிலான நிலை வரம்பில் (ஒரு பங்கின்மேல் சந்தை முழுவதிலும் திறந்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களின் உச்ச அளவு) 95 சதவீதத்தை எட்டிய பங்கு தடைப்பட்டியலுக்குள் சென்றுவிட்டால், இருக்கும் நிலையைக் குறைக்கும் வணிகத்துக்கே அனுமதி உண்டு. ஏற்ற இறக்கம் மிகுந்த பங்குகள்தாம் அங்கே அடிக்கடி செல்கின்றன. தொலைவிலுள்ள மாதங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதால், லிமிட் ஆர்டர் (விலையை நாமே குறிப்பிடும் ஆர்டர்) தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

அமெரிக்கக் கட்டுரைகள் எச்சரிக்கும் முன்கூட்டிய அசைன்மென்ட் (காலாவதிக்கு முன்பே பங்கை ஒப்படைக்க நேர்வது) நம் பங்கு ஆப்ஷன்களில் இல்லை. இவை ஐரோப்பிய வகை, காலாவதி நாளில் மட்டுமே செயல்படுத்தப்படுபவை. ஆனால் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்குகளாகவே தீர்க்கப்படுவதால், ஸ்ட்ரைக்குக்கு மேலே முடியும் காலுக்குப் பங்கை ஒப்படைத்தே ஆக வேண்டும். அடகில் உள்ள பங்கை உரிய நேரத்தில் விடுவிப்பது குறித்துத் தரகரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பங்கைக் கொடுக்க மனமில்லாவிட்டால், காலாவதி வாரம் தொடங்குமுன் காலைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.