இடுப்பில் மறைத்து வைக்கும் சின்னத் துப்பாக்கி: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்தவர்கள், சட்டம் எந்த வகையிலும் தடுக்காதவர்களாக இருந்தால், லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அப்போதிருந்து, எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் என்னிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள்: "சின்னதா, ஒல்லியா, சட்டைக்குள்ள தெரியாம இருக்கிற மாதிரி எதை வாங்கலாம்?"

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது விசாவைப் பற்றி. எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பம்), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை மாறாது. சுடுபயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு ஒன்றைக் கையில் எடுப்பதும் இதற்குள் வரும். தண்டனை 15 ஆண்டுச் சிறை வரை போகலாம், குடியேற்ற விண்ணப்பமும் அதோடு முடிந்த மாதிரிதான். கணவருக்குப் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்துவிட்டது, மனைவி இன்னும் தற்காலிக விசாவில் என்றால், கணவர் வாங்கலாம். ஆனால் அதை மனைவியின் கைக்கோ அவர் பொறுப்புக்கோ கொடுக்கக் கூடாது. கடையில் நிரப்பும் 4473 படிவம் இதையெல்லாம் நேராகக் கேட்கிறது. அதில் பொய் எழுதுவதும் தனிக் குற்றம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

சரி, சட்டப்படி தடையில்லை என்று வைத்துக்கொள்வோம். நான் அதிகம் பார்த்த தவறு, கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையில் தூக்கிப் பார்த்து, "அட, எவ்வளவு லேசா இருக்கு!" என்று அங்கேயே முடிவெடுப்பது. அந்த லேசுதான் பிறகு கையை வலிக்கவைக்கும். ஒரே 9 எம்எம் தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் போட்டுச் சுடுவதாக நினைத்துப் பாருங்கள். நடுத்தர அளவுள்ள க்ளாக் 19 பிஸ்டல், காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) ஏறக்குறைய 670 கிராம். 2018-இல் வந்த சின்ன பிஸ்டலான சிக் பி365 ஏறக்குறைய 500 கிராம். தோட்டா ஒன்று, அது தரும் உந்தமும் ஒன்று. எடை குறைந்த அளவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் கூடும். இந்த இரண்டுக்கும் கணக்குப் போட்டால், சின்னது கையில் இறக்கும் உதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதோடு, சின்னக் கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. குறிபார்க்க முன்னும் பின்னும் உள்ள குறிகளுக்கு இடையேயான தூரம் குறைவு என்பதால், கை கொஞ்சம் அசைந்தாலும் இலக்கில் பெரிய விலகல் விழும். 2008-இல் வந்த ரூகர் எல்சிபி 270 கிராம்கூட இல்லை, சட்டைப்பைக்குள் போய்விடும். அதை வைத்து 7 கெஜம் தள்ளி ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் ஐந்து தோட்டாவை அடுத்தடுத்துச் சேர்ப்பது, பழகியவர்களுக்கே வேலைதான். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இருப்பதிலேயே கடினமானது இந்தச் சின்ன ரகம். கடைகளில் தலைகீழாகச் சொல்லி விற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது பெண்கள். "வீட்டுக்காரம்மாவுக்கு" என்று சொன்னவுடன் ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுகிறார்கள். 400 கிராமுக்குச் சற்று மேல் எடை, விசையை (ட்ரிகரை) நீளமாக, பலமாக இழுக்க வேண்டும், அதற்கு .38 ஸ்பெஷல் தோட்டா. எனக்குத் தெரிந்த ஒருவர் பிறந்தநாள் பரிசாக அப்படி ஒன்றை மனைவிக்கு வாங்கிவந்தார். அந்த அம்மா முதல் ஐந்து தோட்டாவைச் சுட்டுவிட்டு, கட்டைவிரல் அடியைத் தேய்த்துக்கொண்டே அதை மேசையில் வைத்தவர், இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. யார் சுடப்போகிறாரோ அவர் கைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிஸ்டலாக இருந்தால் ஸ்லைடையும் (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன பிஸ்டலில் ஸ்லைடு லேசாக இருப்பதால், அதைக் கட்டுப்படுத்தும் சுருள்வில் விறைப்பாக இருக்கும். கைமூட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 2018-இல் 9 எம்எம்மைவிட வலு குறைந்த .380 தோட்டாவுக்கும் 2020-இல் 9 எம்எம்முக்கும் கொண்டுவந்த ஷீல்டு ஈசி இப்படிப்பட்டவர்களுக்காகவே எளிதாக இழுக்கும்படி செய்யப்பட்டது. உருவத்தில் கொஞ்சம் பெரியது, ஆனால் கையில் அடங்கும்.

மறைப்பதைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. குழல் நீளமாக இருந்தால் வெளியே தெரியும் என்று நினைத்து, குழல் கட்டையானதையே தேடுகிறார்கள். குழல் பேண்ட்டுக்குள் போய்விடுகிறது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? சட்டையில் புடைத்துக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிமுனை. ஹூஸ்டன் வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டையோடு குனிந்து ஒரு பையைத் தூக்கினால் தெரிந்துவிடும். அதனால் பார்க்க வேண்டிய அளவுகள் கைப்பிடியின் நீளமும் மொத்தத் தடிமனும். தடிமன் ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ள ரகத்துக்கு மவுசு வந்தது இதனால்தான். 2015-இல் வந்த க்ளாக் 43-இல் மேகசினில் 6 தோட்டாதான். அதே பருமனில் 10 தோட்டாவை அடக்கியதால்தான் பி365 அவ்வளவு பேசப்பட்டது. கைப்பிடி அரை அங்குலம் நீண்ட மாதிரிகளும் கிடைக்கின்றன. உங்களால் அதை மறைக்க முடிந்தால், அந்த அரை அங்குலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் உட்கார்ந்துவிட்டால் சுடுவதே வேறு மாதிரி இருக்கும்.

துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்துவிட்டு, உறைக்கு 15 டாலர் தேடுவது அடுத்தது. இதை நான் சும்மா விடமாட்டேன். இந்த ரகங்களில் பலவற்றில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையை ஏதாவது அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். உறையின் வேலை, விசையை முழுவதும் மூடி, எதுவும் உள்ளே புகாமல் காப்பது. தொளதொளவென்ற துணி உறை அதைச் செய்யாது. அந்தத் துப்பாக்கிக்கென்றே அச்சு வார்த்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறையும், வளையாத தடித்த பெல்ட்டும் வேண்டும். உறையின் பக்கவாட்டில் கொக்கி மாதிரி ஒரு துண்டு இருந்தால், அது கைப்பிடியை உடம்போடு சேர்த்து அழுத்தி மறைக்கும். திரும்ப உள்ளே செருகும்போது அவசரமே கூடாது. ஜாக்கெட்டின் இழுகயிறு விசைக்குள் மாட்டினாலே போதும். பேண்ட் பையில் வைப்பதென்றால் பைக்கான உறையோடு, அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் இல்லாமல்.

கைப்பையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தாயின் கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்து, அது வெடித்து, அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. பையை ஒரு நிமிடம் தள்ளுவண்டியில் வைக்காத அம்மா உண்டா?

தோட்டா விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த சோதனையில், தோட்டா, உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். குழல் கட்டையானால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஹாலோ பாயின்ட் தோட்டாவின் (உடலுக்குள் போனதும் விரியும் குழிமுனைத் தோட்டா) முனை விரியாமல் போகலாம். .380-இல் இந்தச் சிக்கல் அதிகம். குட்டைக் குழலுக்கென்றே செய்த தோட்டாக்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். எதை இடுப்பில் சுமக்கப் போகிறீர்களோ அதே தோட்டாவைக் கொஞ்சமாவது சுட்டுப் பார்க்காமல் சுமக்காதீர்கள். சின்ன பிஸ்டல்கள் தளர்ந்த பிடியை மன்னிக்காது, பாதியில் சிக்கிக்கொள்ளும். என் கணக்கில், பயிற்சித் தோட்டாவும் சேர்த்து 200 சுட்டு ஒரு முறைகூடச் சிக்காமல் இருந்தால்தான் நம்பலாம்.

பழையது வாங்குகிறவர்கள் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்க வேண்டும். எல்சிபி வந்த அதே 2008-இல், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று ரூகரே ஆரம்பகாலத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யாமல் எவர் அலமாரியிலாவது கிடந்த ஒன்று உங்கள் கைக்கு வரக் கூடாது.

லைசென்ஸ் தேவையில்லை என்பதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று ஆகாது. தபால் நிலையம் உள்ளிட்ட கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் கூடாது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளும் கூடாது. நம் தமிழ்ப் பள்ளிகள் பல, வார இறுதியில் அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. குழந்தையை வகுப்பில் விட இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே போனால் பெரிய குற்றம். கோயிலோ மண்டபமோ, வாசலில் தடை அறிவிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டு நுழையுங்கள். டெக்சஸ் லைசென்ஸ் எடுத்துவைத்தால் வேறு பல மாநிலங்களில் செல்லும். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் செல்லாது.

அப்புறம் வீடு. இரவில் பெல்ட்டைக் கழற்றியதும் அது எங்கே போகும் என்பதைத் துப்பாக்கி வாங்குமுன்பே முடிவுசெய்ய வேண்டும். எண்களை அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ திருகி முடுக்கியது. அலமாரியின் மேல்தட்டு பிள்ளைகளுக்கு எட்டாது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருக்கிறார்கள் என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன், நண்பராக இருந்தாலும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரி அண்ணா, அப்போ எதைத்தான் வாங்கறது?" என்று கேட்பவரிடம் நான் மாடல் பெயர் சொல்வதில்லை. ஒரு சனிக்கிழமை சுடுபயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். குட்டி .380 ஒன்று, ஓர் அங்குல 9 எம்எம் ஒன்று, க்ளாக் 19 அளவில் ஒன்று. மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 50 தோட்டா. கடைசிப் பத்துத் தோட்டா எந்தத் தாளில் நெருக்கமாக விழுந்திருக்கிறதோ, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொல்வேன்.