கோர்ட் ஃபீஸை மிச்சம் பிடித்து வழக்கைத் தொலைப்பவர்கள்

சிவில் வழக்கு என்று வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கோர்ட் ஃபீஸ் எவ்வளவு ஆகும் சார்?" இத்தனை வருடத்தில் ஒருவர்கூட "எத்தனை வாய்தா ஆகும்?" என்று முதலில் கேட்டதில்லை. உண்மையில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்கு 2017 வரை நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட் ஃபீஸ். அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி 3 ரூபாய் ஆக்கினார்கள். 10 லட்சம் பாக்கிக்கு 75,000 கட்டிய இடத்தில் இப்போது 30,000. பெரிய குறைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு எட்டு வருடம் ஓடி, மாதம் ஒரு வாய்தா என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட நூறு தடவை கோர்ட் படி ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு, சாப்பாடு, வக்கீல் குமாஸ்தாவுக்கு டீ காசு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கோர்ட் ஃபீஸ் சில்லறையாகத் தெரியும்.

நாம் இன்றும் பின்பற்றுவது 1908ஆம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டம். வழக்குகள் இழுப்பதைக் குறைக்க 1999லும் 2002லும் அதில் கடுமையான திருத்தங்கள் செய்தார்கள். 2002 ஜூலை 1 முதல் அவை அமலுக்கு வந்தன. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வக்கீல்கள் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்றுதான் 2005ல் தீர்ப்பானது. ஆக, செலவைக் குறைக்கும் வழிகள் பலவும் இருபது வருடமாகச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன. கட்சிக்காரர்களும் எங்களைப் போன்ற வக்கீல்களும் சேர்ந்து அவற்றை எப்படிக் கோட்டை விடுகிறோம் என்பதுதான் இங்கே விஷயம்.

தடை உத்தரவு மட்டும் கேட்பது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தாண்டி வேலி போடுகிறார். கேட்டால், "இடமே என்னுது, பத்திரம் இருக்கு" என்கிறார். உடனே கோர்ட்டுக்கு ஓடி, என் அனுபவத்தில், அதாவது நிலம் என் கையில் இருப்பதில், தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டு வழக்குப் போட்டுவிடுவார்கள். சொத்து என்னுடையதுதான் என்று கோர்ட்டே அறிவிக்கும் விளம்புகையைக் கேட்டால் கோர்ட் ஃபீஸ் கூடும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள்.

எதிராளி உங்கள் உரிமையையே மறுக்கிறார், அந்த மறுப்பில் கொஞ்சமாவது பொருள் இருக்கிறது என்றால் தடை மட்டும் கேட்டால் போதாது, விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுபவமும் உங்களிடம் இல்லை என்றால் சுவாதீனத்தையும், அதாவது நிலத்தைக் கையில் ஒப்படைப்பதையும், கேட்க வேண்டும். இதைச் செய்யாத வழக்கு ஆறேழு வருடம் நடந்து, சாட்சி விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, "இந்த வடிவில் வழக்கு நிலைக்கத்தக்கதல்ல" என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகும். மிச்சம் பிடித்தது சில ஆயிரம். பிறகு புதிதாக வழக்குப் போட, அப்பீல் போக என்று செலவழிப்பது அதைப்போலப் பல மடங்கு.

இதற்கு ஒரு தம்பி தவறும் உண்டு. கிரய ஒப்பந்தம் போட்டவர் பத்திரம் எழுதித் தராமல் இழுக்கிறார். வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று முதலில் தடை கேட்டு ஒரு வழக்கு. பத்திரம் எழுதித் தரச் சொல்லும் வழக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஒரே காரணத்தில் எழும் கோரிக்கைகளை ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும் என்பது விதி. இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்றால் முதல் வழக்கிலேயே அதற்குக் கோர்ட் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்காமல் போட்ட இரண்டாவது வழக்கை, சென்னைச் சொத்து ஒன்றைப் பற்றிய தாவாவில், 2012ல் உச்ச நீதிமன்றம் ஆரம்பத்திலேயே நீக்கிவிட்டது.

நாட்கணக்கைக் கோட்டை விடுவது

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர், தான் கொடுத்த கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டோடு வந்தார். இரண்டரை லட்சம். தேதி 2014 மார்ச் 10. பின்பக்கம் திருப்பினால் 2017 ஜனவரியில் "ரூ.5,000 வரவு" என்று எழுதியிருந்தது. அவர் வந்தது 2018ல். வரவு வைத்தால் அன்றிலிருந்து மூன்று வருடம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறார். அது சரிதான், ஒரு நிபந்தனையோடு: அந்த வரவை, கடன் வாங்கிப் பணத்தைத் திருப்பிக் கட்டுகிறவர் தன் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் கீழ் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

"இது யார் எழுத்து ஐயா?"

"என்னோடதுதான் தம்பி. அவன் ஐயாயிரம் குடுத்தான், நான் எழுதிக்கிட்டேன்."

2017 மார்ச்சிலேயே கெடு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் கடன் வாங்கியவரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் 2020 ஜனவரி வரை அவகாசம் இருந்திருக்கும். அப்பீலுக்கோ மனுவுக்கோ தாமதம் ஆனால், காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்குக்கு அந்தச் சலுகையே கிடையாது. எதிராளி கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்தாக வேண்டும். புரோநோட்டு, கைமாற்று, கிரய ஒப்பந்தம் மூன்றுக்கும் பொதுவாக மூன்று வருடம்தான். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது மட்டும் மாறும். "பேசிக்கிட்டிருக்கோம் சார், குடுத்திடுவான்" என்று சொல்லும்போதும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எதிர் தரப்பு அரசு என்றால் வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அவசர நிவாரணம் தேவைப்பட்டால் மட்டும், கோர்ட் அனுமதியோடு இதைத் தாண்டலாம்.

சம்மனை வாங்காமல் இருப்பது

"வாங்கினால்தானே கேஸ்" என்ற நம்பிக்கை எந்த ஊரிலும் இருக்கிறது. தபால்காரரிடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள். கோர்ட் ஊழியரான அமீனா வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். மறுத்துத் திரும்பிய சம்மன், கிடைத்த சம்மன் என்றே கணக்கு. கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் உங்களிடம் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

ஒரு அம்மா, ரேஷன் கார்டு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் சம்மனை மடித்து எட்டு மாதம் வைத்திருந்தார். கோபித்துக்கொண்டு போன கொழுந்தன் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. "சொந்தக்காரங்க தானே, அவங்களே வந்து பேசுவாங்கன்னு நெனச்சேன்" என்றார். அதற்குள் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப்போட 30 நாள்தான் அவகாசம். அதைத் தாண்டினால் முதலில் தாமத மன்னிப்பு மனு, அதற்கு எதிர் மனு, விசாரணை, செலவுத் தொகை, அதன் மேல் சீராய்வு. அசல் வழக்கின் பக்கமே போகாமல் இரண்டு வருடம் கழிந்தது.

சம்மன் வந்தால் எதிருரை, அதாவது உங்கள் பதிலை, தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட் விரும்பினால் 90 வரை நீட்டலாம். 2005 தீர்ப்பு இந்த 90ஐக் கொஞ்சம் தளர்த்திவிட்டதால் முன்சீப் கோர்ட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தாவா என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் வந்துவிடும். அங்கே 120 நாள் தாண்டினால் எதிருரையை வாங்கவே மாட்டார்கள். சின்ன வியாபாரிகள் பலருக்கு இது தெரியாது. அந்த வகை வழக்கை, அவசர நிவாரணம் எதுவும் கேட்காமல், முன்கூட்டிய சமரச முயற்சி இல்லாமல் போட்டால் வழக்கே நிராகரிக்கப்படும்.

படிக்காமல் கையெழுத்து

2002க்குப் பிறகு பிராதுடன் (வழக்கு மனு) உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மூன்று வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அதே தாளை நீட்டி, "படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா?" என்பார். "ஆமாம்" என்றாலும் வம்பு, "இல்லை" என்றாலும் வம்பு. கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான். பிராதை ஆங்கிலத்தில் தயாரித்திருந்தால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாக வழக்கில் ஒரு அக்காவையோ தங்கையையோ விட்டுவிடுவதும் இங்கேதான் நடக்கிறது. "அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு" என்பது சட்டத்தின் முன் பதிலே ஆகாது. எல்லாப் பங்குதாரரும் கட்சியாக இல்லாத பாக வழக்கு நிற்காது. வழக்கு நடக்கும்போது ஒரு கட்சிக்காரர் இறந்துபோனால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். கருமாதி முடிந்து சொந்தபந்தம் கலைவதற்குள் பாதி நாள் போய்விடும். இறந்த செய்தியை வக்கீலுக்கு அன்றே போனில் சொல்லிவிடுவது நல்லது.

வாய்தாவுக்குத் தலையாட்டுவது

வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா தரக் கூடாது என்று சட்டத்தில் அச்சடித்தே இருக்கிறது. சிரிக்காதீர்கள். இதைச் சொல்லி ஆட்சேபித்தால், செலவுத் தொகை கேட்டால், குறைந்தபட்சம் அந்த ஆட்சேபம் பதிவாகும். நாங்கள் ஏன் செய்வதில்லை? நாளைக்கு நமக்கும் வாய்தா தேவைப்படும் என்பதால்தான். கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். கட்சிக்காரர் வற்புறுத்தினால் மட்டும் எழுந்து சொல்வோம். வாய்தா தேதி என்ன, எதற்காகத் தள்ளினார்கள் என்று குமாஸ்தாவை நம்பியிருக்கவும் வேண்டாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் எல்லாம் தெரியும்.

சட்டம் செய்தவர்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. பொய்யான, தொல்லை தருவதற்கென்றே போட்ட வழக்குக்கு ஈட்டுத் தொகை தரச் சொல்லும் பிரிவில் உச்சவரம்பு இன்னும் 3,000 ரூபாய். நல்ல ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டால் ஆகும் தொகை. ஒருவரைப் பத்து வருடம் அலைக்கழிக்க இது மலிவான விலை.

சமரசத்தைத் தோல்வி என்று நினைப்பது

கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் 2005ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. சமரசமாகப் போனால், கட்டிய கோர்ட் ஃபீஸ் முழுக்கத் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல் கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021ல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கிலேயே, உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சமரசம் ஆனதைக் குறிப்பிடாமல் "வழக்கை வலியுறுத்தவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை மறந்து போகிறார்கள். மெமோவில் சமரசம் என்று எழுதி, கட்டணத்தைத் திருப்பித் தரவும் கேளுங்கள்.

லோக் அதாலத்தில் முடித்தாலும் கட்டணம் திரும்ப வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டபின் அப்பீல் இல்லை. அது டிக்ரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பின்படி போடும் உத்தரவுக்கு, சமம். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பது வசதியான வீட்டுப் பெண்களுக்கு மட்டுமல்ல, கூலி வேலை செய்கிற பெண்களுக்கே பெரும்பாலும் தெரியாது. 15100க்குப் போன் செய்தால் போதும்.

டிக்ரி வந்ததும் முடிந்தது என்று நினைப்பது

தீர்ப்பு கைக்கு வந்த அன்று இனிப்புக் கொடுப்பார்கள். எதிராளி தானாக இறங்கி வராவிட்டால் நிறைவேற்று மனு என்று இன்னொரு ஆட்டம் தொடங்கும். அதை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையொட்டி, நாடு முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னபோது நிலுவையில் இருந்தவை 8.82 லட்சம் மனுக்கள்.

இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு, பல வருடத்துக்கு முன் பிராதின் கடைசிப் பக்கத்தில் எழுதிய சொத்து விவரத்தில் இருக்கிறது. பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருப்பார்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆருக்கு முந்தைய சர்வே எண்ணா பிந்தையதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வழக்குப் போடும் முன்பே நிலத்தில் போய் நின்று, நான்கு பக்கமும் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, சர்வே வரைபடமான புலப்படத்தோடு ஒத்துப் பார்க்க அரை நாள் போதும்.

என் கட்சிக்காரர் ஒருவருக்குச் சுவாதீனம் எடுத்துத்தர அமீனா, சர்வேயர், வி.ஏ.ஓ. மூவரும் வந்து வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றார்கள். செட்யூல் என்கிற அந்தச் சொத்து விவரத்தைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தார்கள். கடைசியில் அமீனா வாரண்டிலேயே "சொத்தை அடையாளம் காண இயலவில்லை" என்று எழுதி, சாட்சிக்கு இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தார். செட்யூலில் கிழக்கு எல்லையாக எழுதியிருந்த ஆள், நிலத்தை விற்றுவிட்டு, செத்தும் பதினோரு வருடம் ஆகியிருந்தது.