வலி மாத்திரையை நிறுத்தியதும் தூக்கம் வரவில்லையா?
டிரமடால், டாபென்டடால் மாதிரி மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களுக்கும் தூக்கம் பிடிக்காமல் போகும். உடம்புவலி, வியர்வை எல்லாம் சீக்கிரம் அடங்கினாலும் இது மட்டும் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில்கூட இழுக்கும், பயந்துவிடாதீர்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து, இளவெயில் முகத்தில் படுகிற மாதிரி மொட்டைமாடியிலோ பெசன்ட் நகர் பீச்சிலோ நடங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். படுத்து 20 நிமிடமாகியும் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது போய்ப் படுக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம்: வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையைப் பழைய அளவில் போட்டுவிடாதீர்கள், உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருப்பதால் மூச்சே நின்றுவிடலாம். மனசு ரொம்ப உடைந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.