எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறீர்களா? படிப்படியாக என்ன செய்யலாம்

இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் அல்லது பைபாஸ் அறுவை செய்துகொண்டு வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடப்போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. நானும் ஸ்லீவ் செய்துகொண்டவள்தான். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் என்னிடம் முதலில் கேட்பது, “எவ்வளவு சாப்பிடலாம்?” என்பதுதான். அளவைப் பற்றி ஆரம்பத்தில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம், வயிறே நிறுத்திவிடும். நாம் பழக வேண்டியது நேரத்தை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும், சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும், ஒரு மாத்திரைக்கும் இன்னொரு மாத்திரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே எழுதியிருப்பதும் உங்கள் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருப்பதும் மாறினால், பேப்பரில் உள்ளபடியே செய்யுங்கள். அது உங்கள் உடம்பைப் பார்த்து எழுதியது.

படி 1: உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும். பைபாஸில் இன்னும் சின்னது: சுமார் 30 மில்லி கொள்ளும் பை ஒன்றை மேலே பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். வெளியே தெரிவது நாலைந்து சின்னத் துளைகள்தான். அவை சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே போட்டிருக்கும் நீண்ட தையல் ஆறத்தான் வாரக்கணக்கில் ஆகும். ‘வெளியே ஆறிடுச்சே, ஒரு இட்லி சாப்பிட்டால் என்ன?’ என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீடு வந்து சேருவது

நம் பக்கத்தில் பலர் சென்னையில் செய்துகொண்டு ஈ.சி.ஆர். வழியாகத் திரும்புகிறார்கள். புதுச்சேரிக்கே 150 கிலோமீட்டர், கடலூருக்கு இன்னும் இருபது சொச்சம். காலைத் தொங்கப்போட்டு அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் நடங்கள். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது உயிர் போகாது. இருமல் வந்தாலும் அதே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

வீட்டில் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அடம்பிடிக்கும் பேரப்பிள்ளை எல்லாமே இதில் அடக்கம்.

படி 3: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கருப்பாக மலம் போவது, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. இவற்றில் எது வந்தாலும் ‘கேஸ் ட்ரபிளாக இருக்கும்’ என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தையலில் கசிவு இருந்தால் மணிக்கணக்குகூட முக்கியம். அறுவை செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். முடியாதபட்சத்தில் 108-ஐக் கூப்பிட்டு பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன அறுவை, என்றைக்குச் செய்தது என்று முதலில் சொல்லுங்கள்.

படி 4: முதல் இரண்டு வாரம் குடிப்பதுதான் வேலை

கடையில் ஒரு அவுன்ஸ் கிளாஸ் வாங்குங்கள். டானிக் பாட்டிலோடு வரும் மூடி இருந்தாலும் போதும். அதில் 15 மில்லி ஊற்றி, மடக்கென்று குடிக்காமல் வாயில் வைத்து மெதுவாக விடுங்கள். நெஞ்செலும்புக்குக் கீழே அது இறங்குவது நன்றாகத் தெரியும், சில சமயம் ‘கொடகொட’ என்று சத்தம்கூட வரும். பயப்பட ஒன்றுமில்லை. சில நிமிடம் விட்டு அடுத்த 15. இப்படியே நாள் முழுக்க ஒன்றரை லிட்டர் தேற்ற வேண்டும். ஒருவேளை குடிக்க மறந்துவிட்டால் அப்புறம் சேர்த்துக் குடிக்க முடியாது, இடம் இருக்காது. அதனால் போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. கத்திரி வெயிலில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிவானது மட்டும்: தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத தெளிவு ரசம், வடிகட்டிய சிக்கன் சூப். பிறகு டாக்டர் சொன்னதும் பால், நீர்மோர், கட்டியில்லாத கஞ்சி, புரோட்டீன் பவுடர் கலந்த பால். இளநீர் நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். கோலி சோடா, பன்னீர் சோடா போன்ற கேஸ் உள்ள எதுவும் கூடாது. நெல்லிக்குப்பம் ரோட்டில் விற்கும் கரும்புச்சாறும் கூடாது. காபியை எப்போது தொடலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் முதல் மாதம் வேண்டாம் என்பார்கள். என்னைக் கேட்டால் பசியைவிட அந்தக் காலை டிகிரி காபி இல்லாததுதான் பெரிய சோதனை.

படி 5: மசித்தது, அப்புறம் மெத்தென்றது

மூன்றாம் வாரம் மிக்ஸியில் அரைத்தவை, ஐந்தாம் வாரம் வாக்கில் கரண்டியால் நசுக்கினால் மசிகிறவை, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஏறக்குறைய சாதாரணச் சாப்பாடு என்பது பொதுவான கணக்கு. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சேர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பினால் கணக்குத் தேறாது.

இந்த விஷயத்தில் கடலோரத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடலூர் ஓ.டி.யிலோ (ஓல்டு டவுன்) புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ கிழங்கான், பால்சுறா கிடைக்கும் நாளில் வாங்கிவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மீன்கள் இவை, நமக்கும் ஏற்றவை. பால்சுறாவை மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நடு எலும்பை எடுத்துவிட்டு விரலால் உதிர்த்தால் பஞ்சாக வரும். வீட்டில் மற்றவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு எண்ணெயில் புரட்டிச் சுறாப்புட்டு செய்யுங்கள். உங்கள் பங்கை அதற்கு முன்பே தனியாக எடுத்து, ரசத்தில் நனைத்துக் கூழாக மசித்து, இரண்டு தேக்கரண்டி மட்டும் கிண்ணத்தில் வையுங்கள். உலர்ந்த புட்டாகச் சாப்பிட்டால் அடைத்துக்கொள்ளும். சைவர்களுக்குத் தயிர், மசித்த பனீர், தோல் நீக்கி அரைத்த பச்சைப்பயறு. மூன்றும் சேர்ந்தால்கூட பவுடர் இல்லாமல் கஷ்டம்தான்.

படி 6: தட்டு முன் உட்கார்ந்து சாப்பிடுவது

சின்னத் தட்டு, டீஸ்பூன். முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் சோறு. நம் இலையில் பரிமாறும் முறைக்கு இது அப்படியே தலைகீழ். ஒரு வாய் எடுத்தால் கூழாகும்வரை மென்று, விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, பிறகு அடுத்த வாய். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம்.

சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துத்தான். தண்ணீர் சேர்ந்தால் வயிறு உடனே முட்டிக்கொள்ளும், அல்லது சாப்பிட்டது சீக்கிரம் கழுவிக்கொண்டு கீழே இறங்கி மறுபடி பசிக்கும்.

வயிறு நிறைந்த அடையாளமும் மாறிவிடும். பழைய ஏப்பம் வராது. ஒரு விக்கல், தும்மல், மூக்கில் நீர் வடிவது, நெஞ்சுக்குக் கீழே லேசான இறுக்கம் என்று ஆளுக்கு ஒன்று. அது வந்ததும் வாயில் இருப்பதோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு வாய் போனால் வலி, வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில், அப்புறம் வாந்தி. குழைந்த சோறு, பரோட்டா, பிரெட், உலர்ந்த கோழிக்கறி ஆகியவை அடிக்கடி அடைப்பவை. தோசையைவிட சாம்பாரில் ஊறிய அரை இட்லி சுலபமாக இறங்கும்.

பந்தியில்தான் சிக்கல். அத்தை ஒருத்தர் கரண்டியோடு வந்து நிற்பார்.

“என்னம்மா, இலையில ஒண்ணுமே இல்ல? இந்தா, ஒரே ஒரு கரண்டி.”

“போதும் அத்தை, டாக்டர் இவ்ளோதான் சொல்லியிருக்காரு.”

“டாக்டருக்கு என்ன தெரியும், நீ துரும்பா இளைச்சுட்ட!”

இதற்கு வாதம் பண்ணிப் பயனில்லை. வாங்கி இலையில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடாமல் விட்டுவிடுங்கள். சோறு வீணாகிறதே என்ற குற்ற உணர்ச்சி வரும். அதற்காக இலையை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்த வயிறுதானே வெட்டப்பட்டது!

படி 7: மாத்திரைகளைப் பிரித்துப் போடுவது

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து, கால்சியம். கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும். ஒரே நேரத்தில் 500, 600-க்கு மேல் உடம்பு ஏற்காது, அதனால் மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். அமிலச் சுரப்பு குறைந்த வயிற்றுக்கு கார்பனேட்டைவிட சிட்ரேட் வகை மேல். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று மறிக்கும், நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். டீ, காபியோடும் இரும்பு மாத்திரை போடக் கூடாது. காலை, மதியம், மாலை கால்சியம், படுக்கப்போகும்போது இரும்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பி.பி. மாத்திரையோ எடுப்பவர்கள் பழைய அளவைத் தொடரக் கூடாது. உணவு திடீரென்று குறைவதால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வீட்டிலேயே சோதித்து டாக்டரிடம் எண்ணைச் சொல்லி அளவை மாற்றுங்கள். பெரிய மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவற்றைப் பொடிக்கவே கூடாது. மூட்டு வலிக்கு டிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை, குறிப்பாக பைபாஸ்காரர்களுக்கு, புண்ணை உண்டாக்கும். பாராசிட்டமால் போதும்.

படி 8: நடை

அறுவை நடந்த அன்றே நடக்கவைப்பார்கள். வீட்டில் முதல் வாரம் வராந்தாவிலும் தெருவிலும் பத்துப் பத்து நிமிடம். பிறகு சமதளமான இடம் பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை வண்டிகளை நிறுத்திவிடுவதால் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நிம்மதியாகப் போகலாம், உட்கார இடமும் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பது இரண்டு மாதம் போகட்டும், மணல் இடுப்பையும் வயிற்றையும் இழுக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து டாக்டரைக் கேட்டு லேசான எடைப் பயிற்சி சேருங்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

படி 9: நடுவில் வருபவை

மூன்றாம் வாரம் வாக்கில் எடை சில நாள் அசையாமல் நிற்கும். எல்லோருக்கும் வருவது, தராசை அலமாரி மேல் தூக்கி வையுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வரும்போது அழுகை வரும், ஆனால் புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மறுபடி முளைத்துவிடும்.

இனிப்பு சாப்பிட்ட பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அதை டம்பிங் என்பார்கள். பைபாஸ்காரர்களுக்கு அதிகம். பண்ருட்டி பலா சீசனில் இதற்கு நிறையப் பேர் மாட்டுவார்கள். ஒரு சுளையைத் துண்டாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மிக்சர், முறுக்கு, முந்திரிதான் உண்மையான எதிரி. கோழிக்கறி மூன்று துண்டில் நிறுத்தும் வயிறு, மிக்சரை ஒன்றும் சொல்லாமல் உள்ளே விடும். வாயில் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் நாள் முழுக்கக் கொறிக்கலாம். இரண்டு வருஷம் கழித்து எடை ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விருந்து சாப்பிட்டு ஏறியவர்களைவிட கொறித்து ஏறியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: மது இனி பழைய மாதிரி வேலை செய்யாது. வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும், பழக்கமும் சுலபமாகப் பிடிக்கும். முதல் வருஷம் தொடவே வேண்டாம். சிகரெட்டும் அப்படியே.

பெண்களுக்கு: எடை குறையும்போது மாதவிடாய் ஒழுங்காகி, கரு தரிப்பது சுலபமாகிவிடும். ஆனால் 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழியை டாக்டரிடம் பேசிவையுங்கள்.

படி 10: ரத்தப் பரிசோதனை

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில், அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. பக்கத்து லேபிலேயே எடுக்கலாம், சென்னை போக வேண்டியதில்லை. ரிசல்ட்டை அறுவை செய்த டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருஷம் எடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய. பி12 குறைவது பல சமயம் கால் மரத்துப்போகும்வரை வெளியே தெரியாது. இடையில் எப்போதாவது சில நாளுக்கு விடாமல் வாந்தி எடுத்திருந்தால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய், தையமின் (வைட்டமின் பி1) ஊசி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.