பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உதவி வேண்டுமா? இங்கிருந்து தொடங்குங்கள்

பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது, வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று பட்டால், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். முதலில் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. கையோடு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யுடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டைக்கு, விண்ணப்பம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ நீங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

அப்புறம் உங்கள் ஒன்றியத்தில் பள்ளிகளுக்கு உதவ அரசு நடத்தும் வட்டார வள மையத்துக்கு நேரில் போய்ச் சிறப்பாசிரியரைப் பாருங்கள். இப்படி ஓர் இடம் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை.

பள்ளியில் 'இங்கே சரிப்படாது' என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், அதையே எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் குறைபாட்டைக் காட்டி மறுக்கக் கூடாது. மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். சான்று, மனு என எல்லா ஆவணத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள்.